துரை கழற்றிக் கொடுத்த மணிக்கூடு

அப்பா தன் கைமணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடிந்ததும் பல் விளக்கிவிட்டுக் கிணற்றுக்கட்டில் குந்துவார். மணிக்கூட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையின் இரண்டு விரல்களால் குமிழைத் திருகுவார். குழப்படி செய்த பிள்ளையின் காதைத் திருகுவது போலத்தான், ஆனால் நோகாமல். முடிந்ததும் காதோடு வைத்துக் கேட்டுத் தலையை ஒருமுறை ஆட்டுவார். அது அவருக்கு ஏதோ சொல்லிவிட்டது என்று சின்ன வயதில் நான் நம்பினேன். பிறகு கட்டியிருந்த சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்து, அதாவது மணிக்கூட்டின் முகத்தை, உள்ளே ஆணியில் கொழுவிவிட்டு, வெறுங்கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கூலிக்குப் போவார். வயலில் வெயிலைப் பார்த்து நேரம் அறிவார். மணிக்கூடு வீட்டில் ஆணியில் தொங்கியபடி, கேட்பாரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் நல்ல பொருள் என்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் பாவிப்பதற்கு அல்ல, இருக்கிறது என்று சொல்ல.

அதைத் துரை கொடுத்தார். இது எங்கள் குடும்பத்தின் வேதம். மலைநாட்டில் அப்பா வேலை செய்த தேயிலைத் தொழிற்சாலையில் ஒருநாள் தீப்பிடித்ததாம். எல்லாரும் வெளியே ஓட, அப்பா மட்டும் உள்ளே ஓடி இயந்திரத்தை நிறுத்தினாராம். வெள்ளைக்காரத் துரை ஜீப்பில் வந்திறங்கித் தன் கையில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றி, சனத்துக்கு முன்னால் அப்பாவின் கையில் கட்டிவிட்டாராம். இந்தத் தீ வருடத்துக்கு வருடம் பெருத்தது. நான் சிறுவனாக இருந்தபோது ஒரு மூலையில் புகைந்தது. எனக்கு மீசை முளைத்தபோது கூரை பற்றியது. என் கல்யாணத்தில் பெண் வீட்டாருக்குச் சொன்னபோது பக்கத்துத் தோட்டம் வரை பரவியிருந்தது. துரையும் சும்மா இருக்கவில்லை. முதலில் கை குலுக்கினார், பிறகு கட்டிப்பிடித்தார், கடைசியில் அழுதே விட்டார். ஒன்று மட்டும் எல்லாத் தடவையும் ஒரேமாதிரி வரும். “கடையில வாங்கிக் குடுக்கலடா. தன் கையிலேருந்து கழட்டிக் குடுத்தாரு. கழட்டுன சூடு ஆறல.” இதைச் சொல்லும்போது அப்பா தன் மணிக்கட்டைத் தடவிக்கொள்வார்.

எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள் நாங்கள். நான் அம்மாவின் இடுப்பில் வந்தேனாம். அக்கா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாளாம். சட்டி பானையைக்கூட எடுக்க முடியாமல் ஓடிவந்த மனிதர் மணிக்கூட்டை மட்டும் எப்படிக் கொண்டுவந்தார் என்று யாராவது கேட்டால், “வாயில போட்டுக்கிட்டு ஓடியாந்தேன்” என்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்தப் பதிலில் ஏதோ இடிக்கிறது என்று யோசிக்கச் சிரிப்பு விடவில்லை.

பரந்தனுக்கு உள்ளே தள்ளி நாங்கள் குடியிருந்த இடத்தில், யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களுக்கு வாய்க்கால் தண்ணீரும் வயலும் இருந்தன. எங்களுக்கு அந்த வயலில் கூலி இருந்தது. காடு வெட்டவும் கட்டை பிடுங்கவும் நாங்கள் வேண்டும். வெட்டி முடிந்த பிறகு நாங்கள் தோட்டக்காட்டான். ஆனால் மாலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு அப்பா சந்திக்குப் போகும்போது அந்தச் சொல் கொஞ்சம் பின்வாங்கும். “துரை மணிக்கூட்டுக்காரர் வாறார்” என்பார்கள். பாதி மரியாதை, பாதி பகிடி. பாதியாவது கிடைத்ததே என்று அப்பா முதுகை நிமிர்த்தி நடப்பார்.

பொருளாதாரத் தடைக் காலம் வந்தது. சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லவே இல்லை. ஊரில் பெரிய மனிதர்களின் கைகளில் இருந்த பற்றரி மணிக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. சாவி கொடுக்கிற எங்கள் மணிக்கூடு மட்டும் ஓடியது. அதுவரை “டேய்” என்றவர்கள் “அண்ணை, நேரம் என்ன?” என்று எங்கள் படலை வாசலுக்கு வந்தார்கள். கொழும்பு தன் நேரத்தை முன்னுக்கு நகர்த்த, வன்னி நகர்த்தமாட்டேன் என்று நிற்க, நாட்டில் இரண்டு நேரம் ஓடிய காலம் அது. அப்பாவிடம் மூன்றாவது நேரம் ஒன்று இருந்தது. கேட்டவருக்கு மணி சொல்லமாட்டார். மணிக்கூட்டைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், “இன்னும் நேரமிருக்கு” என்பார். பள்ளிக்கூடத்து மணி அடிப்பவருக்கும் அதே பதில்தான். நான் இதை அப்படியே நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தேன். என் கோமாளித்தனத்தின் முதல் அரங்கேற்றம் அப்பாதான்.

இன்னொன்றையும் நடித்துக் காட்டுவேன். எங்கள் கொட்டிலிலிருந்து சந்திக்குப் போகும் வழியில் ஒரு தென்னங்காணி. காணிக்கார ஐயா எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அந்த வேலி தொடங்கும் இடத்தில் அப்பா மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். வேலி முடிந்ததும் எடுத்துக் கட்டுவார். ஏனென்று கேட்டால் “தூசி” என்பார். மாரி மழையிலும் தூசி. முழங்கால் வரை சேறு, அதிலும் தூசி.

கடைசி யுத்தத்தில் ஊர் ஊராக ஓடியபோது மணிக்கூடு அப்பாவின் மேற்கையில், சட்டைக்குள் ஒளிந்திருந்தது. முகாமில் அவருக்குக் கடைசி மூச்சிழுப்பு வந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் அதைக் கழற்றி என் கையில் வைத்து, “துரை குடுத்தது. கவனம்” என்றார். உண்மையிலேயே சூடு ஆறாமல் இருந்தது. நான் முதன்முதலாக அந்த வசனத்துக்குச் சிரிக்கவில்லை.

இனி என் பயத்தின் வரலாறு. நான் பரந்தன் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறேன். தரிப்பிடத்தில் என் வாய்க்கு ரசிகர்கள் உண்டு. ஆனால் உண்மை என்னவென்றால், எனக்குப் பயம் வந்தால்தான் வாய் ஓடும். மற்றவர்களுக்கு வயிறு ஓடும், எனக்கு வாய். சென்ற வருடம் மகளுக்குச் சம்பந்தம் வந்தபோது இரண்டும் ஓடின.

மகள் முன்பள்ளி ரீச்சர். அவள் விரும்பிய பையனின் ஊர் விசுவமடு. வயல், உழவு இயந்திரம், கல்வீடு என்று இருக்கிற குடும்பம். பையனின் தாய்க்கு எங்களைக் கட்டோடு பிடிக்கவில்லை. மகனின் பிடிவாதத்துக்காக வந்து, எங்கள் வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரையின் நுனியில் இருந்தபடி, தேநீரைத் தொடாமல் கேட்டார்.

“காணி என்ன மாதிரி?”

பெண்ணோடு காணி போகவேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். எங்கள் வீடு நிற்கும் துண்டுக்கே உறுதிப் பத்திரம் இல்லை. என் வாய் ஓடத் தொடங்கியது.

“காணி இருக்கு. ஒரு கால் வைக்கலாம். மற்றக் காலைத் தூக்கிக்கொண்டு நிக்கிறம்.”

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னும் உளறினேன். மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கட்டுகிற வழக்கம் இருக்கிறதே, அதற்கு எங்களிடம் சும்மா கடை மணிக்கூடு இல்லை, வெள்ளைக்காரத் துரை தன் கையால் கொடுத்தது, சுவிஸ், இரண்டு காணிக்குச் சமம் என்றேன். தீயையும் மூட்டினேன். அப்பாவை விட ஒருபடி மேலே போய், துரையின் மனைவியையும் அழவைத்தேன்.

சம்மந்தி அம்மா அசையவில்லை. “என்ர தம்பி லண்டனிலை உந்தப் பழைய மணிக்கூடுகள்தான் வாங்கி விக்கிறவன். அடுத்த மாதம் வாறான். அவனட்டைக் காட்டுங்கோ, பாப்பம்” என்றார்.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு! பழைய மணிக்கூடுகளைப் பற்றித் தொலைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். முகம் பொய்யாக இருக்கலாமாம், முள் பொய்யாக இருக்கலாமாம், கூடு ஒன்றும் இயந்திரம் இன்னொன்றுமாக இருக்கலாமாம். தடைக் காலத்து வன்னியில் எந்தச் சாமான்தான் தன் சொந்த உறுப்போடு இருந்தது? தண்ணீர்ப் பம்பியின் உறுப்பு மோட்டார்சைக்கிளில் ஓடிய ஊர் இது. எங்கள் மணிக்கூட்டின் வயிற்றுக்குள் யாருடைய குடல் இருக்கிறதோ என்று நடுங்கினேன். அதற்கு விபூதி பூசினேன். சவாரிக்கு ஏறியவர்களை இறக்கவேண்டிய இடத்தில் இறக்காமல் கொண்டுபோனேன். ஒரு ஆசிரியையைப் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் விட்டேன். “எனக்கில்லை அண்ணை, உங்களுக்குத்தான் இஞ்ச வேலை இருக்கு” என்று சொல்லி இறங்கினார்.

லண்டன்காரர் வந்த அன்று காலையில் மகள் என்னைக் குசினிப் பக்கம் இழுத்துச் சொன்னாள். “அப்பா, இண்டைக்கு மட்டும் பகிடி வேண்டாம். கெஞ்சிக் கேக்கிறன்.” ஓம் என்றேன். அக்காவும் உதவிக்கு வந்து குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

சம்மந்தி அம்மாவும் பையனும் லண்டன்காரரோடு வந்திருந்தார்கள். அவர் நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். வடைத் தட்டை மரியாதையாக ஓரத்தில் தள்ளிவிட்டு, மேசையில் ஒரு மெல்லிய துணியை விரித்தார். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகினார். மணிக்கூட்டைக் கவிழ்த்து, சிறிய கருவி ஒன்றால் முதுகு மூடியைத் திருகிக் கழற்றினார். எனக்கு என் அப்பாவின் சட்டையைக் கழற்றுவதுபோல இருந்தது.

“இஞ்ச பாருங்கோ. மூடியின்ர உள்பக்கம் அடிச்சிருக்கிறது கூட்டின்ர நம்பர். எந்த மாதிரிக் கூடு, எந்தக் காலத்திலை வந்ததெண்டு இதிலை பிடிக்கலாம். உள்ளுக்கு இயந்திரத்திலை வெட்டியிருக்கே, அது பிறப்பு நம்பர் மாதிரி. ரெண்டும் ஒரே காலத்தைச் சொல்ல வேணும். சொல்லாட்டி, ஆரோ ரெண்டை வைச்சு ஒண்டாக்கிப்போட்டாங்கள்.”

நம்பரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் மனிதர் முன்னால் நிற்பது எனக்குப் புதிதல்ல. அடையாள அட்டையோடு எத்தனை காவலரண்களில் நின்றிருக்கிறேன். அந்தப் பழைய வியர்வை அதே இடத்தில் வந்தது. அவர் முதலில் கூட்டின் நம்பரையும் பிறகு இயந்திரத்தின் நம்பரையும் தொலைபேசியில் இருந்த அட்டவணையோடு பொருத்திப் பார்த்தார்.

“அக்கா, அருமையான சாமான்!” என்றார் அவர் சம்மந்தி அம்மாவிடம், கண்ணாடியைக் கழற்றி. “உள்ளும் வெளியும் ஒரே பிறப்பு. ஒருத்தரும் கை வைக்கேல்லை. எண்பது, எண்பத்தொண்டிலை செய்ததா வரும்.”

நான் கைதட்டிவிட்டேன். “பாத்தீங்களோ! துரை எண்டால் துரை!”

சம்மந்தி அம்மா என்னை நிதானமாகப் பார்த்தார். “நீங்கள் மலைநாட்டிலையிருந்து எப்ப வந்தனீங்கள்?”

“எழுபத்தேழிலை” என்றேன் பெருமையாக. வாய் முந்திவிட்டது. கணக்கு பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது.

“அப்ப எண்பதிலை செய்த மணிக்கூட்டைத் துரை எப்பிடிக் குடுத்தவர்?”

லண்டன்காரர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். “வெள்ளைத் துரைமார் கலவரத்துக்கு முதலே போயிட்டினம். மணிக்கூட்டிலை ஒரு பிழையும் இல்லை. கதையைத்தான் ஆரோ மாத்திப் பூட்டியிருக்கினம்.”

“துரை சீமைக்குப் போய்த் தபாலிலை அனுப்பியிருப்பார்” என்றேன். “தீ அணைய அவ்வளவு நாள் பிடிச்சிருக்கும். பெரிய தீயெல்லோ.” மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்மந்தி அம்மா தம்பியின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். “எங்கையேன் எடுத்ததோ, ஆர் கண்டது?”

குசினி வாசலில் அக்கா தேநீர்த் தட்டோடு நின்றாள்.

“களவு இல்லைங்க. கூலி” என்றாள்.

தட்டைக் கீழே வைக்காமலே சொன்னாள். சந்திக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தத் தென்னங்காணி அப்போது அடர்ந்த காடு. முழுக்க வெட்டித் தந்தால் வாய்க்கால் கரையோடு இரண்டு ஏக்கர் உனக்கு என்று காணிக்கார ஐயா சொன்னாராம். அப்பா இரண்டு வருடம் வெட்டினார். வீரை, பாலை மரங்களைக் கையால் சாய்த்து, வேர் பிடுங்கி, பாம்புக்கடி ஒன்றும் வாங்கி, மண்ணை வெளியே கொண்டுவந்தார். அக்கா சோறு கொண்டுபோகும் சிறுமி. கடைசிக் கட்டை எரிந்த அன்று ஐயா வந்தார். மகனிடம் வெளிநாட்டுக்குப் போகிறாராம். மகன் புது மணிக்கூடு ஒன்று அனுப்பியிருந்தானாம். கையிலிருந்த பழையதைக் கழற்றி அப்பாவின் கையில் வைத்து, “காணி எங்கை ஓடப்போகுது? வந்து எழுதித் தாறன். இப்போதைக்கு இதை வைச்சிரு” என்றாராம்.

“அவரு வரவேயில்லை” என்றாள் அக்கா. “வீட்டுக்கு வர்ற வழியிலேயே அப்பா சொல்லிட்டாரு, துரை குடுத்ததுன்னு சொல்லிக்குவோம்னு. ஏமாந்த கூலிக்காரன்னு சொல்லிக்கிறதவிட அது நல்லாத்தானே இருக்கு?” என் பக்கம் திரும்பினாள். “ஒங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு தம்பி. அவன் சிரிப்பான், ஊரைக் கூட்டி வச்சுச் சிரிப்பான்னாரு.”

என் வாழ்க்கையில் வாய் ஓடாத பயம் ஒன்று இருந்தால் அது அந்த நிமிடம்தான். அந்த வேலியும், சட்டைப் பையும், மாரிக்காலத்துத் தூசியும் கண்ணுக்குள் வந்தன. கழற்றிய சூடு பொய்யில்லை. கழற்றிய கை மட்டும் வேறு. அந்தக் காணியில் இப்போது தேங்காய் யாரோ பறிக்கிறார்கள், யாருக்கோ பணம் போகிறது. ‘தனியார் காணி, உட்செல்லத் தடை’ என்று ஒரு பலகை. அந்தப் பலகையை நட்ட குழியையும் எங்கள் ஆள் ஒருவன்தான் தோண்டியிருப்பான்.

சம்மந்தி அம்மா முதன்முறையாகத் தேநீரை எடுத்துக் குடித்தார். “பாவம்தான்” என்றார். “ஆனா அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? உங்களுக்கு வரவேண்டினது வரேல்லை எண்டு என்ர பிள்ளைக்கும் வராமப் போகேலாதெல்லோ.”

அதுவரை வாயே திறக்காத பையன், “அம்மா, எனக்கு மணிக்கூடு காணும், காணி வேண்டாம்” என்றான்.

அவர் மகனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். நல்ல சாமான்தான் என்பதுபோல லண்டன்காரர் தலையசைத்தார். “சரி” என்றார் பெருமூச்சோடு. “காணியை ஆறுதலாப் பாப்பம். இப்போதைக்கு இதைக் கட்டட்டும்.”

அதைக் கேட்டதும் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வேறு யாரும் எதையும் கவனிக்கவில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடவுளைக் கும்பிட்டாள். மகள் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குச் சந்தோசம் இல்லை என்று சொன்னால் அது அப்பாவின் தீயை விடப் பெரிய பொய்.

கல்யாணத்தன்று காலையில் கிணற்றடியில் குந்தி நானே சாவி கொடுத்தேன். கட்டும் நேரம் வரை என் கையிலேயே போட்டிருந்தேன். மணவறையில் அதைக் கழற்றி மருமகனின் கையில் கட்டும்போது நூறு கண்கள் பார்த்தன. எனக்குப் பயம் வந்தது. வாய் ஓடியது. “காணி எங்கை ஓடப்போகுது மருமகன்? இப்போதைக்கு இதை வைச்சிருங்கோ.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சம்மந்தி அம்மாகூட. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரே வசனத்தில் சிரிக்க வைத்ததில்லை. அக்கா எழுந்து சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டாள்.

போன ஞாயிறு மருமகனும் மகளும் வந்திருந்தார்கள். அவர் கையில் மணிக்கூடு நின்றுபோயிருந்தது. “சாவி குடுக்க மறந்துபோறன் மாமா. நேரம் ஃபோனிலை தெரியுதெல்லோ” என்று கழற்றி நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டில் குந்தினேன். இரண்டு விரலால் குமிழைத் திருகினேன். காதோடு வைத்தேன். ஓடியது. சாரத்தின் நுனியால் அதன் முகத்தைத் துடைத்தேன். மருமகன் பின்னால் வந்து நின்று, தலையைச் சொறிந்தபடி, “மாமா, அம்மா அந்தக் காணி விசயம் ஒருக்காக் கேக்கச் சொன்னவா” என்றார்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன்.

“இன்னும் நேரமிருக்கு” என்றேன்.

குசினி வாசலில் நின்ற மகள் வாய்விட்டுச் சிரித்தாள். “ஐயோ அப்பா, அச்சொட்டாத் தாத்தா மாதிரியே நடிக்கிறீங்கள்!”

நான் நடிக்கவில்லை என்று அவளுக்கு யார் சொல்வது.